தயக்கம் பாவமல்ல

'நான் இந்த வேலைக்குத் தகுதியா?' என்ற நடுக்கம் விசுவாசக் குறைவாம். நல்ல பயிற்றுநரும் முழங்கால் ஜெபமும் இருந்தால் போய்விடுமாம். இப்படி வாதிடும் நண்பர் ஒருநாள் மட்டக்களப்பு வலையிறவுப் பாலத்தில் வந்து நிற்கட்டும்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலுள்ள வவுணதீவிலிருந்து பட்டணத்து அலுவலகத்துக்குப் போகும் பிள்ளைக்கு அந்த நடுக்கம் தானாக முளைத்ததல்ல. 'படுவான்கரை ஆளா?' என்ற ஒற்றைக் கேள்வியில் விதைக்கப்பட்டது. போர்க்காலத்தில் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டி, தான் யாரென்று நிரூபித்தே வாவியைக் கடந்த தலைமுறையின் பிள்ளை அவள். இன்று கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கினால், குறை அவள் ஜெபத்திலா?

1978இல் உளவியலாளர்களான பாலின் கிளான்சும் சூசான் ஐம்ஸும் இந்த நடுக்கத்தைப் பற்றி எழுதியபோது நோய் என்று சொல்லவில்லை. ஒரு 'நிகழ்வு' என்றார்கள். பெண்களின் திறமையைக் குறைத்து மதிக்கும் சமூகத்தையும் சுட்டினார்கள். குழுவாக இருந்து மனம்விட்டுப் பேசுவதையும் மருந்தாகப் பரிந்துரைத்தார்கள்.

வேதாகமமும் அதைத்தானே காட்டுகிறது? எனக்குப் பேச வராது என்று மோசே பின்வாங்கினார். கர்த்தருக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனாலும் கைவிடவில்லை, துணைக்கு ஆரோனைக் கொடுத்தார்.

ஜெபம் பலம் தரும், பயிற்சி வழி காட்டும், மறுக்கவில்லை. ஆனால் அவளைத் திருத்தப் புறப்படுமுன், பக்கத்து நாற்காலிக்காரர் ஆரோனாக இருக்கிறாரா என்று பாருங்கள்.