கிட்டா, பழசா?

சொந்தமா ஒரு குட்டி விமானம் வேணும்னா அமெரிக்காவில் ரெண்டு வழி. பழைய செஸ்னா 172 ஒன்றை வாங்கலாம். இல்லைன்னா ஆர்வி-7 மாதிரி ஒரு கிட் வாங்கி, நாமே ரிவெட் அடிச்சுக் கட்டலாம். "இதுல என்ன கேள்வி, கட்டணும்!" என்று நம்ம மெக்கானிக்கல் கும்பல் குதிக்கும். கொஞ்சம் பொறுங்க மக்களே.

ஆர்வி-7 கட்ட 1500 மணி நேரமாவது ஆகும். வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் 10 மணி நேரம் ஒதுக்கினால் கிட்டத்தட்ட 3 வருஷம். அத்தனை நாளும் ஷெட்டுக்குள்ளேயே கிடந்தால் பறக்கிற பழக்கம் விட்டுப்போகும். அப்புறம் ஒருநாள், கை மறந்த பைலட்டும் ஒரு தடவைகூடப் பறக்காத விமானமும் சேர்ந்து மேலே கிளம்பும். எனக்குப் பயம் அங்கேதான்.

செஸ்னாவிலும் தலைவலி உண்டு. உள்ளே துரு இருக்கா, லாக்புக் ஒழுங்கா இருக்கா என்று மெக்கானிக்கை வைத்துப் பார்த்துத்தான் வாங்கணும். வருஷா வருஷம் சோதனைக்கும் உரிமம் உள்ளவர் கையெழுத்து வேணும். கட்டினவர் சான்றிதழ் வாங்கிக்கிட்டு அதைத் தானே செய்துக்கலாம், அது பெரிய லாபம்தான். ஆனாலும் பறக்க ஆசைப்படுறவங்களுக்கு என் ஓட்டு செஸ்னாவுக்கே.

வேடிக்கை என்னன்னா, கிட் விமானத்தில் பாதிக்கு மேல் வேலையைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்கணும்னுதான் அங்கத்திய விதியே சொல்லுது. காசு மிச்சமாகும்னு அதில் எங்கேயும் இல்லை. கட்டியே தீருவேன்னு நிக்கிறவங்க, வாடகை விமானத்திலாவது மாசம் ரெண்டு தடவை பறந்துக்கிட்டே கட்டுங்க.