உபகாரமா, புண்ணியக் கணக்கா?

பள்ளிப் பிள்ளைகள் கூடி 'ரோபோ' என்னும் யந்திரங்களைச் செய்து பந்தயத்திற்கு விடும் வழக்கம் இன்று பல தேசங்களில் பரவியிருக்கிறது. இவ்வேலைக்கென்றே டீன் கேமன் என்பவர் 1989-ல் அமெரிக்காவில் 'ஃபர்ஸ்ட்' என்னும் ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். 1992-ல் 28 அணிகளோடு ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் ஆரம்பித்த பந்தயத்தில் இன்று ஆயிரக்கணக்கான அணிகள் கலந்து கொள்ளுகின்றன. மூத்த அணிகள் பிற தேசங்களில் புது அணிகளைத் துவக்கிக் கற்றுக் கொடுப்பதும் இதன் ஒரு பகுதியாகும்.

"நம்மோடு போட்டிக்கு வருகிறவனுக்கு நாமே வித்தை சொல்லிக் கொடுப்பதா?" என்று சிலர் கேட்கிறார்கள். வித்தை சொல்லிக் கொடுத்தால் குறைந்துபோகும் என்பதைப் போன்ற மூடநம்பிக்கை வேறில்லை. கடைசிப் பிடியைச் சீடனுக்கு மறைத்த வாத்தியாரின் வித்தை அவரோடேயே சுடுகாடு போய்ச் சேர்ந்தது. டெக்ஸாஸ் மாகாணத்து 118-ஆம் எண் அணியாகிய 'ரோபோநாட்ஸ்', குறைந்த செலவில் எவரும் செய்யக்கூடிய 'எவ்ரிபாட்' என்னும் யந்திரத்தின் முழுத் திட்டத்தையும் உலகறிய வெளியிட்டு வருகிறது. இதனால் அந்த அணி கெட்டா போய்விட்டது? இன்றும் அது பெயர் பெற்ற அணியாகவே இருக்கிறது.

நிற்க, மறைக்கிறவர்களை விட, உதவி செய்வதாக வேஷம் போடுகிறவர்களால்தான் அதிகக் கெடுதி விளைகிறது. இப்பந்தயத்தின் மிக உயர்ந்த பரிசு யந்திரத்திற்குக் கொடுக்கப்படுவதல்ல. இவ்வறிவைப் பரப்பும் தொண்டுக்குக் கொடுக்கப்படுவதாகும். முன்பு 'சேர்மன் விருது' என்றிருந்து, 2023 முதல் 'இம்பாக்ட் விருது' என்று அழைக்கப்படுவது இதுவே. நோக்கம் நல்லதுதான். ஆனால், "எத்தனை தேசம், எத்தனை அணி?" என்று கணக்கெழுதும் ஆசை வந்தவுடன் தொண்டு வியாபாரமாகிவிடுகிறது. 'துவக்கியது' என்றால் என்ன, 'வழிகாட்டியது' என்றால் என்ன என்று அந்த ஸ்தாபனமே இலக்கணம் வகுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று என்றால், நிலைமையை வேறு விளக்கவும் வேண்டுமோ?

தண்ணீர்ப் பந்தல் போட்டுப் பெயர்ப் பலகை மாட்டிவிட்டு, மறுவாரம் பானையில் தண்ணீர் ஊற்ற மறந்த தர்மப்பிரபுவுக்கும், முதல் வருஷம் அணி துவக்கிப் படம் பிடித்துக்கொண்டு மறுவருஷம் எட்டிப் பாராதவருக்கும் என்ன வித்தியாசம்? பெரிய பந்தயத்தில் ஒரு வருஷப் பதிவுக் கட்டணம் மாத்திரமே ஏறக்குறைய 6,000 டாலர். அதை இரண்டாம் வருஷம் யார் கட்டுவது? அன்றியும், திட்டத்தைத் தாங்களே போட்டு அனுப்பிவிட்டு, எதிரே இருக்கும் பிள்ளைகளைத் திருகாணி முடுக்க மாத்திரம் விடுவது கற்பித்தலா, கூலி வேலையா என்று கேட்கின்றோம்.

"அவர்களுக்கு அவ்வளவுதான் வரும்" என்பவர்களுக்கு ஒரு சேதி. டீன் கேமனே ஏற்படுத்திய 'ஃபர்ஸ்ட் குளோபல்' பந்தயம் 2017-ல் வாஷிங்டனில் நடந்தபோது, ஆப்கானிஸ்தானத்து ஹெராத் நகரத்துப் பெண்கள் அறுவருக்கு இருமுறை விசா மறுக்கப்பட்டது. உலகமே கேள்வி கேட்ட பிறகுதான் கதவு திறந்தது. அங்கு குறைவாயிருந்தது மூளையா, முத்திரையா? அந்த அணிப் பெண்களே 2020-ல், எம்.ஐ.டி. கல்லூரி யாவரும் எடுத்துக்கொள்ள வெளியிட்டிருந்த திட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, டொயோட்டா கொரோலா காரின் பாகங்களால் சுவாசக் கருவி செய்தார்கள். திட்டம் வெளியிலிருந்து வந்தது. உள்ளூரில் கிடைத்ததைக் கொண்டு அதை முடித்தது அவர்கள் கையும் புத்தியும். உதவி என்பது இப்படியிருக்க வேண்டும்!

ஆதலால், உபகாரம் செய்கிறோம் என்கிற அணிகளை நாம் கேட்பதெல்லாம் இவைதான்: புது அணி தன் யந்திரத்தைத் தானே தீர்மானித்ததா? உடைந்த பாகத்துக்குத் தன் ஊர்க் கடைவீதியில் மாற்றுத் தேட வழியுண்டா? பாடங்கள் அவர்கள் பாஷையில் இருக்கின்றனவா? நீங்கள் போன பிறகு அந்த அணி நிற்குமா?

நாம் இல்லாமலே அவர்கள் நடக்கும் நாள்தான் உதவி நிறைவேறிய நாள். அந்த நாளைக் கண்டு அஞ்சுகிறவன் தோழனல்ல, எஜமானனேயாவான்.