விளக்குமாற்றுக்கு அஞ்சுகிற விசுவாசம்

தியானப்பகுதி: மத்தேயு 12:43-45, லூக்கா 15:8-10, அப்போஸ்தலர் 19:11-20



அக்டோபர் மாதக் கடைசி நெருங்கும்போது, நம்முடைய கைபேசிகளில் ஒரு வகை எச்சரிக்கைச் செய்தி உலாவத் தொடங்குகிறது. மேற்கு நாடுகளிலே விக்கா என்னும் மதத்தார் விளக்குமாற்றை மந்திரித்துச் சாத்தானை அழைக்கிறார்கள் என்றும், அதன் படம் வீட்டில் இருந்தாலே அசுத்த ஆவிக்கு வாசல் திறக்கும் என்றும், பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடினால் சாபம் தொடரும் என்றும் அது சொல்லுகிறது. அனுப்புகிறவர்கள் நல்ல மனதோடே அனுப்புகிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இச்செய்தி விக்கா மதத்தாரைக் குறித்துப் பொய் சொல்லுகிறது. கிறிஸ்துவைக் குறித்தோ அதைவிடப் பெரிய பொய்யைச் சொல்லுகிறது. ஆகையால் இந்த வாரம் அதற்கு விரோதமாகவே எழுதத் துணிகிறேன்.

கேட்டறியுமுன் மறுமொழி சொல்லுகிறவனுக்கு அது புத்தியீனமும் வெட்கமுமாகும் என்று நீதிமொழிகள் கற்பிக்கிறது. ஆகையால் முதலாவது, இந்த விளக்குமாறு இன்னதென்று அறிவோம்.

அது இங்கிலாந்து தேசத்து நாட்டுப்புறத்தாரின் பழைய விளக்குமாறு. பீசம் என்பது அதன் பெயர். ஹாம்ப்ஷயர், சர்ரே முதலான தென்பகுதிகளின் புதர்நிலங்களில் வாழ்ந்த எளிய குடும்பங்கள் பிர்ச் மரத்தின் மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டி, நடுவே கோலைச் செருகி, விற்றுப் பிழைத்தன. ஹாம்ப்ஷயரிலுள்ள டாட்லி என்னும் ஊர் இத்தொழிலுக்குப் பேர்பெற்றது. நம் வீட்டு முற்றத்தில் சருகு வாரும் ஈர்க்குமாற்றுக்கு இருக்கிற மகிமை எவ்வளவோ, அவ்வளவே அதற்கும் இருந்தது.

விக்கா மதத்தார் இதையே தங்கள் சடங்குக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் கைக்கொள்ளும் மரபின்படி, கோல் ஆஷ் மரத்தினாலும், குச்சிகள் பிர்ச் மரத்தினாலும், கட்டு வில்லோ மரத்தின் வளையும் கிளைகளினாலும் ஆகவேண்டும். பச்சைமரத்தை வெட்டுவதைப் பார்க்கிலும் காற்றில் விழுந்த கிளையைத் தேடியெடுப்பதையே பலர் விரும்புகிறார்கள். வெட்ட நேர்ந்தால் மரத்தினிடத்தில் அனுமதி கேட்டு நன்றி சொல்லுகிறார்கள். குச்சிகளைத் தண்ணீரில் ஊறவைத்து, வளையும் பதத்தில் கோலைச் சுற்றி அடுக்கி, இறுகக் கட்டுகிறார்கள். கோல் ஆண்மையையும் குச்சிக்கட்டு பெண்மையையும் குறிக்கும் என்று விளக்கம் சொல்லுகிறார்கள். சடங்கு நடக்கும் வட்டத்தை அதனால் பெருக்குகிறார்கள். பலவேளைகளில் அது தரையைத் தொடுவதுமில்லை. அவர்கள் அகற்ற எண்ணுவது தூசியையல்ல, அவ்விடத்தில் தங்கியிருப்பதாக அவர்கள் கருதும் தீய ஆற்றலையே. பின்பு அதைக் கதவருகில் குச்சிமுனை மேலாக நிறுத்திக் காவலாக வைப்பவர்களும் உண்டு. மணமக்கள் அதைத் தாண்டிக் குதித்து இல்லறம் தொடங்குவதும் உண்டு.

இதில் சாத்தானை அழைப்பது எங்கே? சாத்தான் என்பவன் அவர்களுடைய சமயத்தில் இடம்பெறுவதேயில்லை. பொதுவாக அவர்கள் வணங்குவது ஒரு தேவியையும் கொம்புடைய ஒரு தேவனையும். அது நம்முடைய விசுவாசத்துக்கு முற்றும் முரணானது. முதலாம் கற்பனையை அறிந்தவன் அந்த வட்டத்துக்குள் நிற்கமாட்டான். ஆனால் முதலாம் கற்பனையைக் காக்கிறேன் என்று சொல்லி ஒன்பதாம் கற்பனையை மீற நமக்கு அதிகாரமில்லை. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையில், பிறன் வேறு மதத்தானானால் சொல்லலாம் என்ற விலக்கு எழுதப்படவில்லை.

இரண்டாவது, விளக்குமாற்றின்மேல் பெண்ணை ஏற்றியது யார்? விக்கா மதத்தார் அல்ல. கிறிஸ்தவ ஐரோப்பாவே ஏற்றியது.

லொசான் நகரத்துத் திருச்சபை அதிகாரியாயிருந்த மார்ட்டின் லெ ஃபிராங்க் பிரெஞ்சில் ஒரு நெடுங்கவிதை எழுதினார். 1451-ஆம் ஆண்டளவில் படியெடுக்கப்பட்ட அதன் பிரதியொன்றின் ஓரத்தில் இரண்டு பெண்கள் வரையப்பட்டிருக்கிறார்கள். ஒருத்தி விளக்குமாற்றின்மேலும் மற்றொருத்தி வெறும் கோலின்மேலும் பறக்கிறாள். இவ்வகைப் படங்களில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையதாக அறிஞர் சுட்டுவது இதையே. அந்தப் பெண்களுக்குமேல் எழுதப்பட்டிருக்கும் பெயர் என்ன தெரியுமா? வால்டென்சியர்!

வால்டென்சியர் யார் என்பதைச் சபைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். 12-ஆம் நூற்றாண்டில் லியோன் நகரத்து வணிகர் வால்டோ தன் ஆஸ்தியைத் துறந்து, வேதவசனம் சாமானிய ஜனங்களின் பாஷையில் கேட்கப்படும்படி உழைத்தார். அவரைப் பின்பற்றினவர்கள் 1184-இல் சபைக்குப் புறம்பாக்கப்பட்டார்கள். 1532-இல் அவர்களுடைய வழிவந்தவர்கள் சீர்திருத்த இயக்கத்தோடு இணைந்தார்கள். சீர்திருத்தத்தின் முன்னோடிகள் என்று நாம் போற்றுகிற அந்த மக்களையே அக்காலத்துச் சபை விளக்குமாற்றில் ஏறிப் பறக்கும் சூனியக்காரர் என்று வரைந்து வைத்தது. வேதத்தை நேசித்தவர்கள்மேல் எறியப்பட்ட அதே கல்லைப் பொறுக்கி, இன்று நாம் வேறொருவர்மேல் எறிகிறோம்.

இன்னும் கேளுங்கள். 1453-இல், விளக்குமாற்றில் ஏறிச் சூனியக்காரர் கூட்டத்துக்குப் போனேன் என்று ஒப்புக்கொள்ளவைக்கப்பட்டவர் ஒரு கிழவியல்ல. கில்லோம் எடலின் என்னும் வேதசாஸ்திரி, ஒரு மடத்தின் தலைவர். அப்படிப்பட்ட பறத்தல் வெறும் மாயை என்று பிரசங்கித்ததே அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. ஆயுள்சிறை அவருக்குத் தீர்ப்பாயிற்று. 1459-இல் அராஸ் நகரத்தில் தொடங்கிய விசாரணைகளில் பலர் சித்திரவதைக்குப்பின் எரிக்கப்பட்டார்கள். 1491-இல் பாரிஸ் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளைத் தள்ளிப்போட்டது. அதற்குள் அவர்கள் சாம்பலாகி முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

1486-இல் ஹைன்ரிக் கிராமர் என்னும் துறவி சூனியக்காரரை ஒடுக்கும் வழிகளைக் கற்பிக்கும் நூலை எழுதி முடித்தார். 1450 முதல் 1750 வரை ஐரோப்பாவில் இக்குற்றச்சாட்டினால் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் வரை இருக்கலாம் என்று ஆய்வாளர் மதிப்பிடுகிறார்கள்; பெரும்பாலோர் பெண்கள். இது ரோமச் சபையின் பாவம் மாத்திரம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சீர்திருத்தச் சபையை ஏற்ற ஸ்காட்லாந்து 1563-இல் சூனியத்துக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டத்தை இயற்றிற்று. 1692-இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் 19 பேரைத் தூக்கிலிட்டவர்கள் ஓய்வுநாளைக் கருத்தாய் ஆசரித்த புரொட்டஸ்தாந்தரே. சூனியக்காரியை உயிரோடே வைக்கலாகாது என்னும் யாத்திராகமச் சட்டம் அவர்கள் வாயில் இருந்தது. சமாரியர்மேல் வானத்திலிருந்து அக்கினியை வருவிக்கட்டுமா என்று கேட்ட சீஷர்களை ஆண்டவர் அதட்டினார் என்பது அவர்கள் நினைவில் இல்லை.

மூன்றாவது, எதிர்த்தரப்பின் கூற்றையும் நியாயமாகச் சோதிப்போம். விக்கா என்பது கிறிஸ்தவத்துக்கு முந்திய ஆதி மதம், இடைக்காலத்தில் கொல்லப்பட்டவர்கள் அதன் இரத்தசாட்சிகள், அவர்கள் தொண்ணூறு லட்சம் பேர் என்றெல்லாம் அவர்களில் சிலர் சொல்லுவதுண்டு. அதுவும் உண்மையல்ல. மார்கரெட் மர்ரே 1921-இல் வெளியிட்ட நூலில் அப்படியொரு மறைந்த மதம் இருந்ததாக வாதாடினார். பின்வந்த வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கவில்லை. இங்கிலாந்தின் 1735-ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. 1954-இல் ஜெரால்டு கார்ட்னர் தம் நூலை வெளியிட்டார். விக்கா பொதுவெளிக்கு வந்தது அதன் பின்பே. கொல்லப்பட்டவர்களோ பெரும்பாலும் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்கள். ஜெபம் சொல்லிக்கொண்டே தூக்குமேடை ஏறினவர்களும் அவர்களில் உண்டு. ஆகவே, அது ஆதிகாலத்து இரகசிய ஞானம் என்று அவர்கள் சொல்வதும், அது ஆதிகாலத்துப் பிசாசின் மார்க்கம் என்று நாம் சொல்வதும் ஒரே கட்டுக்கதையின் இரண்டு பக்கங்கள்.

அப்படியானால் நமக்கும் அவர்களுக்கும் வழக்கே இல்லையா? உண்டு. அதுதான் நான்காவது காரியம்.

அசுத்த ஆவி விட்டுப்போன வீட்டைக் குறித்து ஆண்டவர் சொன்ன உவமையை நினைத்துப்பாருங்கள். அந்த வீடு நன்றாகப் பெருக்கப்பட்டிருந்தது, அலங்கரிக்கப்பட்டுமிருந்தது. பெருக்கினதில் குறையொன்றும் இல்லை. அது வெறுமையாயிருந்ததே அதன் கேடு. ஆகையால் ஏழு ஆவிகள் வந்து குடியேறின. எந்த மரத்தின் குச்சியானாலும் சரி, அது ஒரு வீட்டைக் காலியாக்கலாமேயன்றி, அதற்கு ஒரு எஜமானைக் கொண்டுவரமாட்டாது. மேலும், மனுஷனைத் தீட்டுப்படுத்துவது அறையின் மூலையில் தங்கியிருக்கும் ஏதோவொன்றல்ல, இருதயத்திலிருந்து புறப்பட்டு வருவதே என்று ஆண்டவர் தெளிவாய்ப் போதித்தார். இருதயத்தைப் பெருக்க ஆஷ் மரத்துக் கோல் எட்டாது. விக்கா மதத்தாரோடு நமக்குள்ள உண்மையான வழக்கு இதுவே. இதை அன்போடும் மரியாதையோடும் அவர்கள் முகத்துக்கு முன்பாகவே சொல்லலாம்.

இப்பொழுது அந்தக் கைபேசிச் செய்தியை மறுபடியும் வாசியுங்கள். விளக்குமாற்றுக்கு வல்லமை உண்டு என்று விக்கா மதத்தார் நம்புகிறார்கள். ஆம், உண்டு, ஆகையால் அஞ்சுங்கள் என்று அந்தச் செய்தி சொல்லுகிறது. இருவரும் ஒரே விசுவாசப்பிரமாணத்தை அறிக்கையிடுகிறார்கள்! ஒருவர் மகிழ்ந்து அறிக்கையிடுகிறார், மற்றவர் நடுங்கி அறிக்கையிடுகிறார், வித்தியாசம் அவ்வளவே. துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் சிலுவையிலே வெற்றிசிறந்தவர் ஒரு குச்சிக்கட்டின் முன்பாகத் தம்முடைய ஜனத்தைக் கைவிடுவார் என்று போதிப்பது எச்சரிக்கையல்ல, அவிசுவாசம்.

உபாகமம் 18-ஆம் அதிகாரம் இவைகளை விலக்கவில்லையா என்று கேட்பீர்கள். நிச்சயமாக விலக்குகிறது. குறிகேட்கவும் மந்திரம் பண்ணவும் நமக்கு அனுமதியில்லை. ஆனால் அந்தக் கட்டளை நம் கைகளுக்குக் கொடுக்கப்பட்டதேயன்றி, நம் அயலான்மேல் வதந்தி பரப்ப நம் நாவுக்குக் கொடுக்கப்பட்டதல்ல. எபேசு பட்டணத்து விசுவாசிகள் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறுமானமுள்ள மந்திரப் புஸ்தகங்களைச் சுட்டெரித்தார்கள். யாருடைய புஸ்தகங்களை? தங்களுடையவைகளை. அயலான் வீட்டுக் கதவை அவர்கள் தட்டவுமில்லை. எந்த மனுஷனையும் அந்த அக்கினியில் போடவுமில்லை.

ஆகவே ஐந்தாவதாக, நம்முடைய வாசற்படிக்கு வருவோம். விளக்கு வைத்தபின் வீடு பெருக்கினால் செல்வம் போய்விடும் என்று விளக்குமாற்றை ஒளித்து வைக்கிற கிறிஸ்தவ வீடுகள் நம்மிடத்தில் இல்லையா? ஜெபித்த எண்ணெய்க் குப்பியை நிலைக்கால்மேல் வைத்தால் பில்லிசூனியம் தாண்டி வராது என்று நம்புகிறவர்கள் இல்லையா? கதவருகில் நிற்கும் பிர்ச் குச்சிக்கும் கதவுமேல் நிற்கும் அந்தக் குப்பிக்கும் என்ன வேற்றுமை? பவுலின் உறுமால்கள் வியாதியஸ்தர்மேல் போடப்பட்டதே என்பீர்கள். உண்மை, தேவனே அந்த விசேஷித்த அற்புதங்களைச் செய்தார் என்று வேதம் சொல்லுகிறது. அவை விலைக்கு விற்கப்பட்டதாகவோ, நிலைக்கால்களில் தொங்கவிடப்பட்டதாகவோ சொல்லவில்லை. அதே அதிகாரத்தில், இயேசுவின் நாமத்தையே மந்திரமாக உச்சரித்துப் பார்த்த ஸ்கேவாவின் குமாரர் காயப்பட்டு நிர்வாணிகளாய் ஓடினார்கள். மோசே தேவ கட்டளைப்படி செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபங்காட்டத் தொடங்கினபோது, எசேக்கியா அதை உடைத்துப்போட்டான். தேவன் கொடுத்த பொருளே தாயத்தாக மாறக்கூடுமானால், கடையில் வாங்கின குப்பி எம்மாத்திரம்!

இது வெறும் சொல்வழக்கு அல்ல. சூனியக்காரி என்னும் வார்த்தைக்கு இன்றும் இரத்தவாடை உண்டு. இந்தியாவில் அந்தப் பெயர் சூட்டிப் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கப் பீகார் 1999-இலும், ஜார்க்கண்ட் 2001-இலும் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. பயத்தைப் பரப்புகிற செய்தி கடைசியில் எந்தப் பெண்ணின் வாசலில் போய் நிற்கும் என்று அனுப்புகிறவர் அறியார். துணையற்ற விதவையும், பிள்ளையில்லாதவளும், மனநோயால் வாடுகிறவளுமே அதற்கு முதல் இரையாவார்கள்.

ஆகவே பிரியமானவர்களே, இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். அப்படிப்பட்ட செய்தி வந்தால் மேலே அனுப்பாதிருங்கள். அனுப்பினவருக்கு அது உண்மையல்ல என்று பொறுமையாய்ச் சொல்லுங்கள். வெளிநாட்டில் படிக்கிற உங்கள் பிள்ளைக்கு விக்கா மதத்துத் தோழி ஒருத்தி இருந்தால், அவளைக் கண்டு நடுங்கக் கற்பிக்காதிருங்கள். அவள் சொல்வதைக் கேட்கவும், தன்னிலுள்ள நம்பிக்கையைக் குறித்துச் சாந்தத்தோடே உத்தரவு சொல்லவும் கற்பியுங்கள். உங்கள் வீட்டு வாசலைப் பார்த்து, கிறிஸ்துவின் இடத்தில் காவலுக்கு நிற்கிற பொருள் ஏதேனும் உண்டானால், அதை எடுத்துப்போடுங்கள்.

வேதத்தில் ஒரு ஸ்திரீ விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்குகிறாள். அவள் ஆவிகளை ஓட்டவில்லை; காணாமற்போன ஒரு வெள்ளிக்காசைத் தேடுகிறாள். இழந்துபோனதைத் தேடும் தேவனுடைய இருதயத்துக்கு அவளை அடையாளமாகக் காட்ட ஆண்டவர் வெட்கப்படவில்லை. சபையின் கையில் விளக்குமாறு இருக்கவேண்டுமானால், அது அந்த ஸ்திரீயின் விளக்குமாறாகவே இருக்கக்கடவது.

ஜெபம்: பரலோகப் பிதாவே, பயத்தின் ஆவியை எங்களைவிட்டு அகற்றும். பொய்ச்சாட்சியிலிருந்து எங்கள் நாவையும் விரல்களையும் காத்துக்கொள்ளும். எங்கள் இருதயமாகிய வீட்டை வெறுமையாய் விடாமல் நீரே வந்து வாசம்பண்ணும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.