தோசைக்கல்லும் கூண்டுப் பறவையும்



ஒற்றை அறை வீட்டில் குடியிருக்கும் ஒரு சகோதரி இப்பக்கத்திற்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் ஆசைப்பட்டதினால் சிவாஜி நகர் ரசல் மார்க்கெட் பக்கம் போய் இரண்டு லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்தார்களாம். நான்ஸ்டிக் பாத்திரத்திலிருந்து எழும் புகை பறவைகளைக் கொன்றுவிடும் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்களாம். "இது மெய்தானா? மெய்யானால் பாத்திரங்களை எல்லாம் மாற்ற எங்களிடம் பணமில்லையே, நாங்கள் என்ன செய்வது?" என்பது அவருடைய கேள்வி. கணவரும் மனைவியுமாக வேலைக்குப் போய், வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டிய பின்பு கையில் நிற்பதைக் கொண்டு மாதத்தை ஓட்டுகிற அநேக குடும்பங்களுக்கு இதே கேள்வி இருக்கக்கூடும். ஆகவே இம்மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

முதலாவது, செய்தி மெய்தான். கைபேசியில் பகிரப்பட்டு வருகிற பயமுறுத்தல்களில் பெரும்பாலானவற்றை நான் நம்புகிறவனல்ல. இதுவோ அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கால்நடை மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிற காரியம். பிரிட்டனின் கால்நடை மருத்துவ ஏடாகிய 'வெட்டரினரி ரெக்கார்ட்' 1975-ஆம் ஆண்டிலேயே ஒரு வீட்டின் நிகழ்ச்சியைப் பதிவு செய்தது. அங்கே நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறியதினால் காக்கடீல் பறவைகள் இறந்தன. பறவைகளை வளர்த்தவருக்கும் காய்ச்சல் கண்டது. இப்படிப்பட்ட பல நிகழ்ச்சிகள் அதன்பின் பல நாடுகளில் எழுதப்பட்டுள்ளன.

நான்ஸ்டிக் பூச்சு என்பது பி.டி.எஃப்.இ. என்னும் பிளாஸ்டிக் வகை. 1938-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டியூபான்ட் நிறுவனத்தில் குளிர்பதன வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த ராய் பிளங்கெட் என்பவர் எதிர்பாராமல் இதைக் கண்டறிந்தார். டெஃப்லான் என்பது அதற்கு இடப்பட்ட வணிகப் பெயர். மிதமான சூட்டில் இது எதனோடும் சேராது, எதையும் வெளிவிடாது. ஆகவேதான் தோசை ஒட்டாமல் வருகிறது. ஆனால் ஏறக்குறைய 260 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பூச்சு சிதையத் தொடங்குகிறது. 280 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே பறவைகள் இறந்திருக்கின்றன. சூடு மேலும் ஏற ஏற, ஹைட்ரஜன் ஃபுளோரைடு முதலான நச்சு வாயுக்களும், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும் காற்றில் கலக்கின்றன. புகை தெரிந்தால்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் எந்தப் புகையும் தெரியாது, வாடையும் இராது.

மனிதருக்கும் இது பாதிப்பில்லாதது அல்ல. நெஞ்சில் இறுக்கம், இருமல், குளிர், காய்ச்சல் என்று சில மணி நேரத்தில் தோன்றி ஓரிரு நாளில் தணிந்துபோகும் ஒரு நோயை 1951-ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் விவரித்திருக்கிறார்கள். சளிக்காய்ச்சல் என்று எண்ணி மாத்திரை போட்டுக்கொண்டு நாம் எழுந்துவிடுகிறோம். பறவை எழுந்திருப்பதில்லை. காரணம் அதன் சுவாச உறுப்பின் அமைப்பு. நமக்கு நுரையீரல் நிரம்பிக் காலியாகிறது. பறவைக்கோ நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் காற்று அதன் நுரையீரல் வழியே ஒரே திசையில் ஓடிக்கொண்டேயிருக்கிறது. பறப்பதற்கு வேண்டிய பிராணவாயுவைப் பெறுவதற்காக அமைந்த இந்த ஏற்பாடே நச்சையும் அதிவிரைவில் உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. லவ் பேர்ட்ஸ் என்று நாம் அழைக்கும் பறவைகளில் பெரும்பாலானவை உண்மையில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜெரிகர் என்னும் சிறு கிளிகளே. அவற்றின் எடை 30 முதல் 40 கிராம். அந்தச் சிறிய உடலின் நுரையீரல் இரத்தமும் நீரும் கோத்து நிரம்பிவிட அதிக நேரம் ஆகாது.

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடை அறிந்துகொள்ள 1980-கள் வரையிலும் கேனரிப் பறவைகளைக் கூண்டில் வைத்துக் கீழே கொண்டுபோனதும் இதே காரணத்தினால்தான். மனிதன் மயங்குவதற்கு முன் பறவை விழுந்துவிடும். கோலார் தங்கவயலில் பாட்டன்மார் உழைத்த குடும்பங்கள் நம்மிடையே அநேகம் உண்டு. அடைபட்ட இடத்தின் காற்று என்றால் என்ன என்பதை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி நம்முடைய அடுப்பங்கரைக்கு வருவோம். தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் தெளித்து அது சுரீரென்று துள்ளி ஓடுகிறதா என்று பார்த்த பிறகே மாவு ஊற்ற வேண்டும் என்று நம் தாய்மார் கற்றுக் கொடுத்தார்கள். இரும்புக்கல்லுக்கு இது மிகச் சரியான பாடம். ஊரிலிருந்து நகரத்திற்கு வந்தபோது இரும்புக்கல் ஊரிலேயே நின்றுவிட்டது, பழக்கமோ நம்மோடு வந்துவிட்டது. திருமணப் பரிசாக வந்த நான்ஸ்டிக் தவாவையும் அதேபோல வெறுமையாய்க் காயவைக்கிறோம். "கல் காயட்டும்" என்று முழுத்தீயில் வைத்துவிட்டுக் குழந்தைக்குத் தலை வாரப் போகிறோம். ஞாயிறு காலையில் ஆராதனைக்குப் புறப்படும் அவசரத்தில் கேட்கவே வேண்டாம். வெறுமையாக முழுத்தீயில் இருக்கும் மெல்லிய நான்ஸ்டிக் தவா சில நிமிடங்களுக்குள் 260 டிகிரியைக் கடந்துவிடும். மின்தூண்டல் அடுப்பு, அதாவது இண்டக்ஷன் ஸ்டவ் வைத்திருப்பவர்கள் இன்னும் அதிகம் கவனிக்க வேண்டும். அது வெறும் பாத்திரத்தை வெகுவேகமாகச் சூடாக்கும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகளிலும், வெறும் நான்ஸ்டிக் பாத்திரத்தை அடுப்பில் வைப்பதைக் குறித்து எச்சரித்திருக்கிறார்கள்.

இங்கேதான் பணமில்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு கொதிநிலைக்கு மேல் வெகுதூரம் ஏறாது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே குழம்பு, கூட்டு, உப்புமா போன்ற ஈரமுள்ள சமையலுக்கு இப்போதிருக்கும் நான்ஸ்டிக் சட்டியையே வைத்துக்கொள்ளலாம். நீர் வற்றித் தீய்ந்துபோக மட்டும் விடக்கூடாது. வற்றிப்போன பாத்திரமே பல வீடுகளில் பறவைகளைக் கொன்றிருக்கிறது. தோசை, சப்பாத்தி, மல்லி மிளகாய் வறுப்பது ஆகிய உலர்ந்த சமையலுக்குத்தான் நான்ஸ்டிக் கூடாது. எனவே எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரேயொரு இரும்புக்கல்லும், இருக்குமானால் ஓர் இரும்புச் சட்டியும் போதும்.

அந்த ஒரு கல்லையும் கடையில் விலைகொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பரணைப் பாருங்கள். துருப்பிடித்துக் கிடக்கும் பழைய கல்லை யாரும் உங்களுக்கு மறுக்கப் போவதில்லை. பையில் வைத்தால் கனமாயிருக்கும், அவ்வளவுதான். துருவைத் தேங்காய் நாரினால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று நாள் வடிகஞ்சியிலோ அரிசி கழுவிய தண்ணீரிலோ ஊறவையுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். பின்பு ஈரம் போகத் துடைத்து, நல்லெண்ணெய் தடவி, சிறு தீயில் சூடாக்கி, பாதியாய் நறுக்கிய வெங்காயத்தால் சுற்றிலும் தேயுங்கள். எண்ணெயோடே இரவு முழுவதும் விட்டுவையுங்கள். இப்படிச் சில நாள் செய்தால் கல் பழகிவிடும். முதல் நான்கைந்து தோசைகள் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும், சோர்ந்துபோக வேண்டாம். பழகிய கல்லைச் சோப்புப் போட்டு உரசாமல் துடைத்து, எண்ணெய் தடவி வைத்தால் அடுத்த தலைமுறைக்கும் உழைக்கும். ஒன்று மட்டும்: கல்லைப் பழக்கும் நாட்களில் எண்ணெய்ப் புகை எழும். அதுவும் பறவைக்கு ஆகாது. கூண்டு வெளியே இருக்கட்டும்.

கல் கைக்கு வந்து சேரும்வரை நான்ஸ்டிக் தவாவிலேயே தோசை சுட வேண்டியவர்கள் சிறு தீயையே பயன்படுத்துங்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே தவாவில் ஒரு கரண்டி எண்ணெயைத் தடவிவிடுங்கள். சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் ஏறக்குறைய 230 டிகிரியில் புகையத் தொடங்கும். எண்ணெய் புகைகிறது என்றால் எல்லை மிக அருகில் இருக்கிறது என்று பொருள். உடனே அடுப்பை அணையுங்கள். வெப்பமானி வாங்க வசதியில்லாத வீட்டில் இதுவே வெப்பமானி. அடுப்பு எரியும்போது அடுப்பை விட்டுப் போகாதிருங்கள்.

கடைக்காரர் சொல்லும் இரண்டு வார்த்தைகளில் ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். அது பூச்சைத் தயாரிக்கும்போது முன்பு பயன்பட்ட வேறொரு இரசாயனம். அது இல்லாவிட்டாலும் பூச்சு அதே பி.டி.எஃப்.இ.யாக இருக்கலாம், பறவைக்கு ஒரு வித்தியாசமுமில்லை. அதுபோலவே 'கிரானைட்', 'மார்பிள்' என்று பெயரிட்டு விற்கப்படும் பல தவாக்களில் கல் போன்ற தோற்றம்தான் உண்டு, பூச்சு பழையதே. புதிய தவா பாதுகாப்பானது, கீறல் விழுந்த தவாதான் ஆபத்து என்னும் எண்ணமும் பரவலாக இருக்கிறது. இந்தக் காரியத்தில் ஆபத்து கீறலில் இல்லை, சூட்டில் இருக்கிறது. நேற்று வாங்கிய தவாவும் காய்ந்துபோனால் அதே நச்சைத்தான் வெளிவிடும்.

சமையலறை தனியாக உள்ள வீட்டில் கூண்டை வேறு அறையில் வைத்து, கதவை மூடி, சமையலறைச் சன்னலைத் திறந்துவிடலாம். அப்போதுங்கூட முழுப் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். காற்றுக்குக் கதவு ஒரு பொருட்டல்ல. ஒற்றை அறை வீட்டுக்காரர்களுக்கு ஒரே வழிதான்: அடுப்பைப் பற்றவைக்கும் முன்னே கூண்டு வெளியே போக வேண்டும். நடைக்கூடமோ, மாடிப்படியின் திருப்பமோ, மொட்டை மாடியின் நிழலோ எதுவானாலும் சரி, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தனியே விட்டுவிடாதிருங்கள், இந்நகரத்தில் பருந்தும் காகமும் பூனையும் ஏராளம். பெரிய பிள்ளை ஒன்று பாடப்புத்தகத்தோடு கூண்டருகே உட்காரலாம். சமைத்து முடித்து, சன்னல்களைத் திறந்து, காற்று மாறிய பிறகு கூண்டை உள்ளே கொண்டுவாருங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே குளிர் 15 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. ஆகவே இராத்திரி வெளியே விட வேண்டாம். பருத்தித் துணியால் கூண்டின் மூன்று பக்கங்களை மூடினால் போதும். குளிருக்கென்று விற்கும் வெப்ப விளக்குகளில் சிலவற்றின் கண்ணாடிமேல் இதே பூச்சு உண்டு. அப்படிப்பட்ட விளக்குகளால் கோழிக்குஞ்சுகள் மடிந்ததை அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை பதிவு செய்திருக்கிறது.

தவா மட்டுமல்ல, ஏர் ஃபிரையரின் கூடை, சாண்ட்விச் டோஸ்டர், சில இஸ்திரிப் பெட்டிகளின் அடித்தகடு ஆகியவற்றிலும் இப்பூச்சு இருக்கிறது. இவற்றைப் பயன்படுத்தும்போதும் கூண்டு தொலைவில் இருக்கட்டும். நம்முடைய வீடுகளில் சாம்பிராணிப் புகை இல்லை. கொசுவர்த்திச் சுருள் உண்டே! அதையும், வாசனைத் தெளிப்பான்களையும், புதுப் பெயிண்ட்டின் நெடியையும் பறவையிடமிருந்து விலக்கி வையுங்கள்.

இடையில் ஒரு வார்த்தை. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பவர்கள் இதை வாசித்து, கிளியை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டாம். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஜோசியக்காரனிடமிருந்து மீட்டு வந்தோம் என்று சொன்னாலும் அப்படியே, வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இனி அவசர காலத்தைக் குறித்து. பறவை வாயைத் திறந்து மூச்சுவாங்குகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுகிறதா, கம்பியில் நிற்க முடியாமல் கூண்டின் அடியில் விழுந்து கிடக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், காரணத்தைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். முதலில் கூண்டோடு வெளிக்காற்றுக்குக் கொண்டுபோங்கள். பிறகு அடுப்பை அணைத்து, சன்னல் கதவுகளைத் திறந்து, பிள்ளைகளையும் வெளியே அழைத்துக்கொள்ளுங்கள். பறவையின் வாயில் தண்ணீரோ கஷாயமோ ஊற்றாதிருங்கள். ஏற்கெனவே நீர் கோத்த நுரையீரலுக்குள் அதுவும் போய்விடும். இந்த நச்சுக்கு மாற்று மருந்து கிடையாது. பிராணவாயு கொடுத்து, வீக்கத்தைத் தணிக்க மருத்துவர் முயலலாம். பல பறவைகள் அதற்கு முன்பே இறந்துவிடுகின்றன, பிழைத்தவையும் உண்டு. காற்றுத் துளையிட்ட ஒரு செருப்புப் பெட்டியின் அடியில் துணி விரித்து, பறவையை அதில் வைத்து மூடுங்கள். இருட்டில் அது படபடக்காது. ஹெப்பாளில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் தொலைபேசி எண்ணையும், வீட்டுக்கு அருகில் பறவைகளைப் பார்க்கும் மருத்துவரின் எண்ணையும் இன்றைக்கே விசாரித்து, கதவின் பின்புறத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். மருத்துவரிடம் போகும்போது எந்தப் பாத்திரம், எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.