பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றிவிட்டுப் போகாதீர்கள்

"பழைய வண்டி சார், பிரேக் ஆயில் அப்பப்போ கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஒரு சின்ன டப்பா வாங்கி டிக்கியில போட்டு வச்சுக்கோங்க." வைத்திக்குப்பத்திலோ குருசுக்குப்பத்திலோ முத்தியால்பேட்டையிலோ பதினைந்து வயதைத் தாண்டிய கார் வைத்திருப்பவர் இந்த உபதேசத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பார். சொல்பவர் கெட்டவர் அல்ல. நமக்குச் செலவு வைக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கார் விஷயத்தில் இதைவிட ஆபத்தான ஒரு யோசனையை நான் கேட்டதில்லை.

பெட்ரோல் எரிந்து தீரும். இன்ஜின் ஆயிலும் வயதான இன்ஜினில் கொஞ்சம் எரியும். பிரேக் ஆயில் எரிவதுமில்லை, தீர்வதுமில்லை. பெடலிலிருந்து சக்கரம் வரை அது மூடிய குழாய்க்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான்: ஒரு முனையில் அழுத்தினால், அடைபட்ட திரவம் அந்த அழுத்தத்தை எல்லாப் பக்கமும் கொண்டு சேர்க்கும். (பாஸ்கல் பிரெஞ்சுக்காரர். எங்கள் ஊரில் அதற்காகவாவது அவர் பேச்சைக் கேட்கலாம்.)

அப்படியானால் டப்பாவில் மட்டம் ஏன் இறங்குகிறது? இரண்டே காரணம். ஒன்று, முன்சக்கரத்து பிரேக் பேட் தேய்ந்திருக்கும். பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். இரண்டு, எங்கோ கசிகிறது. முதல் காரணமானால் வேண்டியது புதுப் பேட். இரண்டாவதானால் வேண்டியது கசிவைக் கண்டுபிடிப்பது. ஊற்றுவதால் இரண்டில் எதுவும் சரியாகாது. பேட் தேய்ந்த வண்டியில் ஊற்றி நிரப்பினால், பின்னால் புதுப் பேட் போடுகிற அன்று பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா பொங்கி வழிந்து பெயிண்டை உரித்துவிட்டுப் போகும். அது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம், டாஷ்போர்டில் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்துவிடுவது. பல கார்களில் ஹேண்ட் பிரேக்குக்கும் ஆயில் மட்டத்துக்கும் ஒரே விளக்குதான். வண்டி தன்னால் முடிந்த ஒரே வழியில் சொல்லிப் பார்க்கிறது. நாம் அதன் வாயில் ஆயிலை ஊற்றி அடைக்கிறோம்.

'பிரேக் ஆயில்' என்ற பெயரே ஒரு வம்பு. அது எண்ணெயே அல்ல, கிளைக்கால் வகைத் திரவம். பெயரை நம்பி, அவசரத்துக்குக் கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கனிம எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் கப்புகள் ஊதிப் பருத்துவிடும். அதன்பிறகு மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் என்று ரப்பர் உள்ள அத்தனையையும் மாற்றியாக வேண்டும்.

எங்கள் தெருவில் இந்த விஷயம் இன்னும் கூர்மையானது. கடல் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்குகிற கரை இது. அந்த உப்புக்காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். காரின் அடிவயிற்றில் ஓடும் இரும்பு பிரேக் பைப்பையும் அதையேதான் செய்கிறது. அதுவும் பைப்பைப் பிடித்து நிறுத்தும் கிளிப்புக்கு அடியில், ஈரமும் உப்பும் தங்குகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். சாதாரணமாக மிதிக்கும்போது தாங்கும். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்து, பலம் கொண்ட மட்டும் மிதிக்கிற அன்றைக்குத்தான் வெடிக்கும். இரண்டு சுற்றாகப் பிரித்த வண்டியானால் பாதி பிரேக்காவது மிஞ்சும். ஒரே சுற்றாக உள்ள மிகப் பழைய வண்டியானால் கேபிளில் ஓடும் ஹேண்ட் பிரேக் ஒன்றுதான் துணை.

இன்னொன்று, இந்தத் திரவம் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். நூற்றுக்கு மூன்றே முக்கால் பங்கு அளவுக்குத் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 போதும், கொதித்துவிடும். டாட் 4 என்றால் 230-லிருந்து 155-க்கு இறங்கும். புதுச்சேரி மேசைபோலத் தட்டையான ஊர். இங்கே பிரேக்குக்குச் சூடேறும் அளவுக்கு வேலை இல்லை, அதனால் ஐந்து வருடத்து ஆயிலும் நன்றாகவே இருப்பதுபோல் தோன்றும். அதே காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ போய், இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகும். ஆவி அழுங்கும், திரவம்போல அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் தரையைத் தொடும். டிக்கியில் ஆறு மாதமாகத் திறந்து கிடக்கும் அந்த 'அவசர' டப்பாவும் இதே கடற்காற்றைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது.

சரி, ஊற்றக்கூடாது என்றால் என்ன செய்வது? "பிரேக் விஷயத்தில் வீட்டில் கை வைக்காதீங்க" என்று ஒரு கட்சி இருக்கிறது. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். பழுதைப் பார்ப்பது வேறு, பழுது பார்ப்பது வேறு. சிலிண்டரைப் பிரிக்க வேண்டாம். ஆனால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க வலது காலும் ஒரு டார்ச் லைட்டும் போதும். அதைக்கூடச் செய்யாமல் பட்டறைக்குப் போனால், "மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு சார்" என்ற ஊகத்துக்கு ஒரு பில், அது தீராமல் வீல் சிலிண்டருக்கு இன்னொரு பில் என்று போகும்.

பெடல் பேசும். வண்டியை நிறுத்திவிட்டு, ஓடும் இன்ஜினோடு லேசாக மிதித்து அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். கால் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகிறதா? வெளியே சொட்டு இல்லை, டப்பா மட்டமும் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் தேய்ந்திருக்கிறது. 'லேசாக' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓங்கி மிதித்தால் அழுத்தத்தில் கப் விரிந்து சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், பெடல் நன்றாக இருப்பதுபோல் நடிக்கும். ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் காத்திருக்கும்போது காலடியில் இறங்குவதும், பட்டறைக்காரர் ஓட்டிப் பார்க்கும்போது "ஒண்ணும் இல்லையே சார்" என்பதும் இதனால்தான்.

பஞ்சுபோல மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று. முதல் மிதியில் ஆழமாக இறங்கி, இரண்டாவது மூன்றாவது மிதியில் மேலே வந்து கெட்டியாக நின்றால், பின்சக்கர டிரம்மில் ஷூ தள்ளி நிற்கிறது, அட்ஜஸ்ட் செய்தாலே போதுமாக இருக்கலாம். பெடல் கல்போல இருந்து வண்டி மட்டும் நிற்கவில்லையானால் பூஸ்டரைச் சந்தேகியுங்கள். இன்ஜினை நிறுத்தி நாலைந்து தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் ஒரு விரல் அளவாவது உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் பூஸ்டருக்கோ அதன் வாக்குவம் ஹோஸுக்கோதான் வைத்தியம்.

ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு சூடாகிறதா? இதில்தான் ஊகம் அதிகம் நடக்கிறது. காலிப்பரை மாற்றச் சொல்வார்கள். மாற்றுமுன் அந்தச் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளைத் தளர்த்தச் சொல்லுங்கள். ஆயில் பீய்ச்சி அடித்துச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் சிக்கியிருந்தது என்று பொருள். பல நேரம் காரணம் பழைய ரப்பர் ஹோஸ். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஊதி அடைத்திருக்கும். கால் பலத்தில் ஆயிலைப் போகவிடும், திரும்பி வரவிடாது.

கசிவைத் தேடுவதானால் டயர்களின் உட்பக்கம் ஈரமா பாருங்கள், பெடலுக்கு மேலே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். அடியில் தலையை நுழைப்பதற்கு முன் வண்டி உறுதியான ஸ்டாண்டில் நிற்க வேண்டும். ஜாக்கி மட்டும் போதாது, செங்கல் வேண்டவே வேண்டாம். டிரம்மைக் கழற்றினால் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம்.

"இத்தனை தொல்லைக்குப் பழைய வண்டியைத் தூக்கிப் போடலாமே" என்பது அடுத்த வாதம். 2022 ஏப்ரல் முதல் பதினைந்து வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. கட்டுகிறோம். ஐந்து வருடத்துக்குச் சான்றிதழும் கிடைக்கிறது. அந்தச் சான்றிதழ் சோதித்த அன்றைய பிரேக்குக்கு. மறுவாரம் கிளிப்புக்கு அடியில் துளை விழுந்தால் அதற்குத் தெரியாது. வயதை வைத்து வண்டியைக் குற்றம் சாட்டுவது சுலபம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுசாக மாற்றி, வருடம் ஒருமுறை பைப்பைத் தொட்டுப் பார்த்த இருபது வயது வண்டியை, ஊற்றி ஊற்றி ஓட்டிய ஒன்பது வயது வண்டியைவிட நான் நம்புவேன்.

பட்டறைக்குப் போகும்போது இரண்டு நிபந்தனை வையுங்கள். கழற்றிய கப்பும் ஹோஸும் உங்கள் கைக்கு வர வேண்டும். காற்று எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, முழுசாகத் தரைவரை மிதிக்காமல் எடுக்க வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரில் கப் வழக்கமாகப் போகாத அடிப்பகுதியில் துருவும் கசடும் இருக்கும். அங்கே கப்பைத் தள்ளிக் கிழித்துவிட்டு, மறுநாளே பெடல் இறங்குகிறது என்று வண்டி திரும்பி வரும். அப்போதும் யாராவது ஒருவர், "ஒரு டப்பா ஆயில் வாங்கி வச்சுக்கோங்க சார்" என்பார்.