ஒரு மரணத்தின் மீது கட்டிய புகழ்



'தொடக்கப்பள்ளித் தமிழாசிரியருக்கு வீடியோ விளையாட்டைப் பற்றி என்ன பேச்சு?' என்று சிலர் கேட்கக்கூடும். கதை எங்கே இருக்கிறதோ அங்கே திறனாய்வுக்கும் இடமுண்டு என்பதே என் விடை. நாற்பது மணி நேரம் ஒருவரை உட்கார வைத்துக் கதை சொல்லும் படைப்பை 'வெறும் விளையாட்டு' என்று ஒதுக்குவது சோம்பல். அதனினும் பெரிய சோம்பல், 'இதைப்போல் இனி ஒன்று பிறக்காது' என்று காரணம் கூறாமல் கைதட்டுவது. இன்று நான் வழக்காட வந்திருப்பது இந்த இரண்டாவது சோம்பலோடுதான்.

வழக்குக்குரிய படைப்பு 'ஃபைனல் ஃபேண்டஸி 7'. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளின் வரிசையில் இதற்குக் கிடைத்திருக்கும் இடம் ஏறத்தாழ ஒரு காப்பியத்தின் இடம். அந்த இடத்துக்கு இது தகுதியானதா? 'ஓரளவு' என்பது என் விடை. அந்த ஓரளவுக்கும், இரசிகர்கள் வாய் ஓயாமல் சொல்லும் காரணங்களுக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். கதையின் முடிச்சுகளை அவிழ்த்துத்தான் பேசப்போகிறேன். அறிய விரும்பாதோர் இங்கேயே நின்றுவிடலாம்.

முதலில் வரலாறு. ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் இதனை 1997 ஜனவரி 31ஆம் நாள் வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலப் பதிப்பு அமெரிக்காவில் வந்தது. தயாரிப்பாளர் ஹிரோனோபு சகாகுச்சி, இயக்குநர் யோஷினோரி கிதாசே, இசை நோபுவோ உவெமாட்சு. அதற்கு முந்தைய ஆறு பாகங்களும் நிண்டெண்டோ கருவிகளுக்கென உருவானவை. இந்தக் கதைக்குத் தேவையான அசைபடக் காட்சிகளைக் கேட்ரிட்ஜில் அடக்க இயலாது என்பதால், நிறுவனம் குறுந்தட்டைப் பயன்படுத்தும் சோனி பிளேஸ்டேஷனுக்கு மாறியது. மூன்று குறுந்தட்டுகளில் கதை வந்தது. அப்போது நான் ஐந்தாம் படிவ மாணவன். என் வயதுக்காரர்கள் பலருக்கு இதுவே முதல் முப்பரிமாணக் கதை உலகம். எனவே, 'அன்றைய காலத்தை அறியாதவர் பேசுகிறார்' என்ற வாதம் என்னிடம் செல்லாது.

இனி, இரசிகர்கள் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற்காரணம்: ஏரித்தின் மரணம்

பூ விற்கும் பெண்ணாக அறிமுகமாகும் ஏரித், முதற்குறுந்தட்டின் முடிவில் செஃபிரோத்தின் வாளுக்கு இரையாகிறாள். 'கூடவே பயணம் செய்த பாத்திரத்தைக் கொல்லும் துணிவு இதற்குமுன் எவருக்கும் வரவில்லை' என்கின்றனர்.

இது தவறு. இதே வரிசையின் 1988ஆம் ஆண்டு இரண்டாம் பாகத்தில் துணைப்பாத்திரங்கள் ஒருவர்பின் ஒருவராக உயிர்விடுகின்றனர். 1989இல் சேகா வெளியிட்ட 'ஃபேண்டஸி ஸ்டார் 2' விளையாட்டில் நெய் என்ற பெண் இறக்கிறாள். அவள் திரும்பி வருவதில்லை. 1992இல் வந்த ஐந்தாம் பாகத்தில் முதியவர் கலூஃப் போரிட்டு மடிகிறார். இம்மூன்றில் 'ஃபைனல் ஃபேண்டஸி' பாகங்கள் இரண்டும் 1997இல் ஆங்கிலத்தில் கிடைக்கவில்லை. நாம் படிக்காத நூல் எழுதப்படாத நூல் ஆகிவிடுமா?

முதன்மை போகட்டும். அந்த மரணம் விளையாட்டாகவாவது நம்மை இழக்கச் செய்கிறதா? இதில்தான் என் பெரிய குறை. இவ்விளையாட்டில் மந்திர ஆற்றல்கள் 'மட்டீரியா' எனும் கற்களில் அடங்கியுள்ளன. எந்தக் கல்லையும் எவருடைய ஆயுதத்திலும் பொருத்தலாம். குணப்படுத்தும் கல்லை இன்று ஏரித்திடம் கொடுக்கலாம். நாளை துப்பாக்கிக் கையுடைய பாரெட்டிடம் கொடுக்கலாம். அவள் இறந்தபின், அவளிடமிருந்த கற்கள் பத்திரமாக நம் பைக்குத் திரும்பிவிடுகின்றன! அவளுக்கே உரிய சில சிறப்பு ஆற்றல்கள் மட்டுமே போகின்றன. கதை அழச் சொல்கிறது. கணக்குப் புத்தகமோ நட்டம் இல்லை என்கிறது. உருவமும் உள்ளடக்கமும் இப்படி எதிரெதிர்த் திசையில் நடப்பதை வேறு எந்தக் கலையிலாவது பொறுத்துக்கொள்வோமா?

ஒன்றை மட்டும் மறுக்க மாட்டேன். அக்காட்சியை அடுத்து வரும் போரில், வழக்கமான போர் இசையை நிறுத்திவிட்டு, ஏரித்துக்குரிய மெல்லிசையையே தொடரவிட்டார் உவெமாட்சு. அது கலைஞனின் முடிவு. ஆனால், ஓர் இசை முடிவின் பெருமையை முழுக் கதைக்கும் தாரை வார்ப்பது நியாயமன்று.

இரண்டாம் காரணம்: ஆழ்ந்த அரசியல்

மிட்கார் நகரத்தின் தொடக்கம் அருமையானது. மேல்தட்டில் செல்வர், அத்தட்டின் நிழலில் சேரிமக்கள். மண்ணின் உயிராற்றலையே உறிஞ்சி மின்சாரமாக்கி விற்கும் ஷின்ரா நிறுவனம். அதன் உலையைக் குண்டுவைத்துத் தகர்ப்பதிலிருந்து நம் நாயகர்களின் கதை தொடங்குகிறது. அவர்களை ஒடுக்க, சேரியின் மீதே மேல்தட்டை வீழ்த்திவிட்டு, பழியையும் அவர்கள் மீதே போடுகிறது ஷின்ரா. இவ்வளவு கூர்மையான தொடக்கம் அக்காலத்தில் அரிதுதான்.

ஆயினும் நகரத்தை விட்டு வெளியேறியதும் என்ன நிகழ்கிறது? வெள்ளிமுடி செஃபிரோத் வந்துவிடுகிறான், விண்கல் வருகிறது, உலகைக் காக்கும் வழக்கமான கதை வருகிறது. சுரண்டும் நிறுவனம் இரண்டாம் வில்லனாகச் சுருங்கிவிடுகிறது. சுரங்க ஊரை இழந்த பாரெட்டின் கதையில் மட்டும் பழைய கனல் சற்றே தெரியும். இடையே ஓட்டப்பந்தயம், பனிச்சறுக்கு, கேளிக்கைப் பூங்கா! தலைப்பை விட்டு ஓடும் கட்டுரைக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை.

மூன்றாம் காரணம்: தொழில்நுட்பம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1997இல் வியப்பூட்டிய அசைபடங்கள் இன்று வியப்பூட்டவில்லை. பாத்திரங்களின் கைகள் செங்கற்களைப் போல் உள்ளன. மிகப்பெரிய அழைப்பு மந்திரத்தின் காட்சி ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும். மூலப்பதிப்பில் அதைத் தாண்டிச் செல்லவும் வழியில்லை. புதுமை என்பது மூப்படையும் குணம். அதைப் புகழுக்கு அடித்தளமாக்கினால், கட்டடமும் சேர்ந்து மூப்படையும்.

மொழியாசிரியன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லவேண்டும். உலகின் பெரும்பகுதி 'ஒப்பற்ற எழுத்து' என்று போற்றுவது அவசரத்தில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை. ஒருமை எழுவாய்க்குப் பன்மை வினை போட்ட வாக்கியம் ஒன்று அதில் உலகப்புகழ் பெற்றுவிட்டது. நாயகியின் பெயரே 'ஏரிஸ்' என்று அச்சாகி, பின்னர்தான் 'ஏரித்' எனத் திருந்தியது. புகழ்வோர் தாங்கள் எதைப் புகழ்கிறார்கள் என்பதையாவது அறிந்து புகழவேண்டாமா?

அப்படியானால் எஞ்சுவது என்ன?

எஞ்சுவது கிளவுடின் பொய். என்னைப் பொறுத்தவரை இப்படைப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நாம் இயக்கும் நாயகன் கிளவுட், தான் 'சோல்ஜர்' என்ற சிறப்புப் படையின் முதல்தர வீரன் என்கிறான். ஐந்தாண்டுகளுக்கு முன் தன் சொந்த ஊரில் செஃபிரோத்துடன் சென்ற பயணத்தைத் தோழர்களிடம் விவரிக்கிறான். அந்த நினைவை நாமே ஆடுகிறோம். பிறகுதான் தெரிகிறது, அது அவனுடைய நினைவே அன்று. அந்த வீரன் ஸாக் என்ற வேறொருவன். கிளவுட் சிறப்புப்படையில் சேரமுடியாமல் போன எளிய காவலன். ஊராருக்கு, குறிப்பாக டீஃபாவுக்கு, முகம் காட்டக் கூசித் தலைக்கவசத்துக்குள் ஒளிந்திருந்தவன். அந்தக் காவலனை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். பெயரற்ற ஒருவன் என்று கடந்துபோயிருக்கிறோம். செஃபிரோத் ஐம்பதாம் நிலையில் இருக்க, 'முதல்தர வீரன்' கிளவுட் முதல் நிலையில் நிற்பதையும் திரை காட்டுகிறது. நாம்தான் ஐயுறவில்லை. உண்மை அறிந்த டீஃபாவோ அருகிலேயே அமர்ந்து மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்பது இவ்வகையின் பெயர். நாம் ஏற்ற பாத்திரமே இன்னொருவனின் பாத்திரத்தை ஏற்றிருந்தான்! தோற்றுப்போன ஓர் இளைஞன், தான் ஆக விரும்பிய மனிதனாகவே தன்னை எண்ணிக்கொண்ட கதை இது. இதை நாவல் சொல்லலாம், திரைப்படம் சொல்லலாம். ஆனால், அந்தப் பொய்யை நம் விரல்களாலேயே ஆடவைத்து நம்மையும் உடந்தையாக்குவது விளையாட்டுக்கு மட்டுமே இயலும். புகழ வேண்டுமெனில் இதைப் புகழுங்கள்.

புகழ் செய்த தீங்கு

ஏரித் இறப்பாள் என்பது விளையாட்டைத் தொடாதவருக்கும் இன்று தெரியும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதையே பேசிப்பேசி, அந்த அதிர்ச்சியை இரசிகர்களே செலவழித்துவிட்டனர். புதிதாக ஆடத் தொடங்கும் பிள்ளை, இறப்பு எப்போது வரும் என்று காத்திருந்து, வந்ததும் 'இவ்வளவுதானா' என்கிறது.

2020 ஏப்ரலில் வெளியான மறு ஆக்கமும் இதே நோய்க்கு ஆளானது. மூலத்தில் சில மணி நேரமே நீளும் மிட்கார் பகுதி, தனி விளையாட்டாக முப்பது மணி நேரத்துக்கு மேல் நீட்டப்பட்டது. கதை பழைய பாதையிலிருந்து விலகாதபடி காவல்புரியும் ஆவிகள் அதில் உலவுகின்றன. 2024 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பகுதி, அந்தப் புகழ்பெற்ற மரணத்தையே 'நடந்ததா, இல்லையா' என்று மயங்கவைக்கிறது. படைப்பாளர்கள் தம் கதையை விட்டுவிட்டு, அக்கதையின் புகழைப் பற்றிக் கதை எழுதுகிறார்கள்!

'ஒரு விளையாட்டுக்கு இத்தனை வழக்கா?' எனலாம். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட என் முன்னாள் மாணவர்கள் சிலர், இதுவே உலகின் தலைசிறந்த கதை என்று அடித்துக் கூறுகிறார்கள். ஆடிப் பார்த்தார்களா என்றால் இல்லை. எவரோ சொன்னதைச் சொல்கிறார்கள். கட்டுரைத்தாளில் 'இக்கதை மிகவும் சிறப்பாக இருந்தது' என்று எழுதும் பிள்ளைக்கு, ஓரத்தில் 'ஏன்?' என்று சிவப்பு மையில் எழுதுகிறோம். முப்பது, நாற்பது வயதில் இருக்கும் இரசிகர்களும் அந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்களே. ஒன்றை விரும்புவதற்குக் காரணம் தேவையில்லை. ஆனால், அடுத்த தலைமுறையிடம் 'இதுவே சிறந்தது' என்று ஒப்படைக்கக் காரணம் தேவை.

மாற்றுக்கருத்து உடையோர் தாராளமாக எழுதலாம். 'ஏரித் இறந்தபோது அழுதேன்' என்பதை மட்டும் வாதமாக ஏற்கமாட்டேன். டீஃபாவின் மௌனத்தைப் பற்றி எழுதுங்கள், பேசுவோம்.