பெட்டி வந்தது, கடவுச்சொல் யாரிடம்?



சென்ற இதழில் வங்கி அட்டையின் இரகசிய இலக்கம் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு, "மகனுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்கிறீர்கள், பிறகு ஆர் எங்களுக்குக் காசு எடுத்துத் தாறது?" என்று சிலர் நேரிலேயே கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு இன்னொரு முறை வருகிறேன். இம்முறையும் இரகசிய இலக்கம் போன்ற ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இது வங்கியில் அல்ல, வீட்டு விறாந்தையில் இருக்கும் விடயம்.

2025 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்திற்குச் சுயதொழில் கடன் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அந்த வீட்டில் அக்காவும், உயர்தரம் படிக்கும் மகளும், எண்பதை நெருங்கும் ஆச்சியும் இருக்கிறார்கள். நான் போனபோது ரிவிக்கு முன்னால் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி, றிமோட், வயர்கள் எல்லாம் பாயில் பரப்பிக் கிடந்தன. சுவிஸில் இருக்கும் அக்காவின் தம்பி, திருவிழாவுக்கு வந்த உறவினர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பிய பெட்டி. இன்ரநெற் வழியாக வரும் படங்களையும் நேரடி ஒளிபரப்புகளையும் சாதாரண ரிவியில் பார்ப்பதற்கானது. அது வந்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை சுவிஸில் தம்பியின் மூத்த மகளுக்குக் கலியாணம். யூரியூப்பில் நேரடியாகக் காட்டப் போகிறார்கள். ஆச்சிக்குக் கைத்தொலைபேசியின் சிறிய திரையில் முகங்கள் தெரிவதில்லை.

"பேத்தியின்ர தாலி கட்டைப் பெரிசாப் பாக்கலாம் எண்டு தம்பி அனுப்பினவன், மிஸ். ஆனா இது வீட்டு வைஃபையைப் பிடிக்குதில்லை. பூட்டித் தந்த பெடியன் நாளைக்கு வாறன், நாளைக்கு வாறன் எண்டு நாலு நாளாப் போச்சு. வந்தாலும் 1500 ரூபா" என்றார் அக்கா.

நான் பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல். வயர் பிடிக்கும் வேலைக்கும் எனக்கும் தூரம். ஆனாலும் படிவத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு மூவரும் பாயில் இருந்தோம். அன்று நாங்கள் கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கறன்ட். சுவிஸ் பிளக் எங்கள் வீட்டுச் சுவர்த் துளைக்குள் போகாது. கடையில் வாங்கும் மாற்றுப் பிளக் ஒன்று வேண்டும். மின்னழுத்தம் அங்கும் இங்கும் 230 வோல்ட்தான், ஆகவே எரிந்துபோகும் பயம் இல்லை. பெட்டியின் வயரை ரிவியின் பின்னால் உள்ள யூஎஸ்பி துளையில் செருகி அங்கிருந்தே கறன்ட் எடுக்கச் சிலர் பார்ப்பார்கள். பெரும்பாலும் அந்தக் கறன்ட் போதாமல் பெட்டி தானாக நின்று நின்று தொடங்கும். பெட்டியோடு வந்த அடப்டரையே பாவியுங்கள். அடுத்தது எச்டிஎம்ஐ என்ற தட்டையான வயர். ஒரு முனை பெட்டியில், மறுமுனை ரிவியில். பிறகு ரிவியின் சொந்த றிமோட்டில் "சோர்ஸ்" அல்லது "இன்புட்" என்ற பொத்தானை அழுத்தி, எந்தத் துளையில் செருகினோமோ அதைத் தெரிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் "படம் வரவில்லை, பெட்டி பழுது" என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

இதுவரை அக்காவும் மகளும் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார்கள். சிக்கல் அடுத்த கட்டத்தில். பெட்டியின் "செற்றிங்ஸ்" பகுதிக்குள் "நெட்வேர்க்" என்று இருக்கும். அதைத் திறந்தால் அக்கம்பக்கத்தில் உள்ள வைஃபை இணைப்புகளின் பெயர்கள் வரிசையாக வரும். எங்கள் வீட்டு ரவுட்டருக்கு, அதாவது சிம் போட்டு மூலையில் வைத்திருக்கும் அந்த வெள்ளைப் பெட்டிக்கு, இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்றின் முடிவில் "5ஜி" என்று இருந்தது. மகளின் தொலைபேசியில் இரண்டும் தெரிந்தன, புதிய பெட்டியில் ஒன்று மட்டுமே தெரிந்தது. இந்த 5ஜி, தொலைபேசிக் கம்பனிகள் விளம்பரம் செய்யும் 5ஜி அல்ல. ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. 2.4 கிகாஹேர்ட்ஸ் என்பது சுவரைத் தாண்டித் தூரம் போகும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் வந்தால் சோர்ந்துவிடும். விலை குறைந்த பெட்டிகள் பலவற்றுக்கு முதலாவது மட்டுமே விளங்கும். ஆகவே ஒரு பெயர் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம், மற்றதைத் தெரிவு செய்யுங்கள்.

தெரிவு செய்தோம். கடவுச்சொல் கேட்டது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த தாளில் உள்ளதை மகள் றிமோட்டால் எழுத்தெழுத்தாகத் தேடிப் பதிந்தாள். பிழை என்றது. பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் வித்தியாசம் உண்டு, பூச்சியமும் "ஓ" எழுத்தும் ஒரேமாதிரித் தெரியும் என்று நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பதிந்தேன். மறுபடியும் பிழை. மூன்றாம் முறையும் பிழை.

"அக்கா, இந்த லைனின்ர பாஸ்வேட் என்ன?" என்றேன்.

"அது எனக்கெங்க தெரியும்? அந்தப் பெடியன்தானே போட்டுத் தந்தவர். பிள்ளையின்ர போனிலயும் அவர்தான் அடிச்சவர்."

மாதாமாதம் கட்டணம் கட்டுவது அக்கா. ரவுட்டர் இருப்பது அக்காவின் வீட்டில். திறப்பு மட்டும் வேறொருவரிடம். இது அந்த வீட்டுக் கதை மட்டுமல்ல. அதன் பிறகு நான் போகும் வீடுகளில் எல்லாம் இதைக் கேட்டுப் பார்த்தேன். ஆண் துணையில்லாமல் பெண்களே நடத்தும் வீடுகளில், கடவுச்சொல் என்னவென்று தெரிந்தவர்கள் சிலரே. "மகனுக்குத் தெரியும்", "கடைக்காரத் தம்பிக்குத் தெரியும்", "முன்வீட்டு அண்ணைக்குத் தெரியும்." குசினித் திறப்பை இப்படிக் கொடுப்போமா?

வழி காட்டியது மகள்தான். பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். ஏற்கெனவே வைஃபையில் இணைந்திருக்கும் தொலைபேசியில் செற்றிங்ஸுக்குப் போய், வைஃபை இணைப்பின் பெயரைத் தொட்டு, "ஷெயார்" என்பதை அழுத்தினால், கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட சதுரம் ஒன்று வரும். அன்ட்ரொயிட் 10 அல்லது அதற்குப் பிந்திய தொலைபேசிகள் பலவற்றில் அதன் கீழேயே கடவுச்சொல்லும் எழுத்தில் தெரியும். தெரிந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, இது அந்த அண்ணாவின்ர மோட்டச்சைக்கிள் நம்பர்!"

அதைப் பதிந்ததும் பெட்டி உடனே இணைந்தது. ஆச்சி கட்டிலில் இருந்தபடி கைதட்டினார். ஆனால் யூரியூப்பைத் திறந்தால் சுழன்றுகொண்டே நின்றது. இணைந்தபின்னும் இப்படி நின்றால் மூன்றைப் பாருங்கள் சகோதரிகளே. அதே வைஃபையில் உள்ள தொலைபேசியில் இன்ரநெற் வேலை செய்கிறதா? அதிலும் இல்லையென்றால் பழுது பெட்டியில் அல்ல, டேட்டா முடிந்திருக்கலாம். ரவுட்டர் பெட்டிக்கு எட்டாத தூரத்தில், இரும்பு அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறதா? வெளியே எடுத்து உயரத்தில் வையுங்கள். பெட்டியின் திகதியும் நேரமும் சரியா? எங்களுடைய பெட்டி பல வருடங்களுக்கு முந்திய திகதியைக் காட்டியது. திகதி பிழையென்றால், பாதுகாப்புச் சான்று காலாவதி என்று எண்ணி யூரியூப் போன்றவை திறக்க மறுக்கும். "தானாகத் திகதி" என்பதைப் போட்டதும் படம் வந்துவிட்டது.

வேலை முடிந்தது என்று எழும்பப் பார்த்தேன். அப்போது அக்கா, "வீட்டில இரண்டு போன்தான் மிஸ். எண்டாலும் மாசம் முடிய முன்னம் டேட்டா முடிஞ்சிடும். பிள்ளையின்ர சூம் வகுப்புக்கு மேல காசு போட வேண்டியிருக்கு" என்றார். மறுபடி இருந்தேன்.

ரவுட்டரின் அடித்தாளில் கடவுச்சொல்லோடு 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரியும், உள்நுழையும் பெயரும், அதற்கென ஒரு கடவுச்சொல்லும் இருக்கும். வைஃபையில் இணைந்த தொலைபேசியில் அந்த முகவரியைப் பதிந்தால் ரவுட்டரின் உட்பக்கம் திறக்கும். நல்லவேளை, தம்பி அதை மாற்றியிருக்கவில்லை. அங்கே, இப்போது யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் உண்டு. எங்களுடைய பெட்டியையும் சேர்த்து மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தன. பெடியன் இருப்பது பின் ஒழுங்கையில். அவரும் அவருடைய நண்பர்களும் மாலையில் கூடும் மதகு அக்காவின் வேலியோடு ஒட்டியது.

அவரைக் கெட்ட பிள்ளை என்று எழுத மாட்டேன். ரவுட்டரைப் பூட்டிக் கொடுத்ததும் அவர்தான். ஆனால் அந்த வீட்டில் வளர்ந்த பெண்பிள்ளை இருக்கிறாள். ஒரே வைஃபையில் இருக்கும் எவரும் வீட்டு ரிவியில் தம் தொலைபேசியிலிருந்து படத்தை அனுப்பிவிடலாம். அது பகிடியாகவும் இருக்கலாம், வேறுமாதிரியாகவும் இருக்கலாம். யாராவது இதைக் கொண்டு தொந்தரவு செய்தால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை அழைத்துச் சொல்லலாம்.

அங்கேயே இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றினோம். வைஃபைக்கு ஒன்று, ரவுட்டரின் உட்பக்கத்திற்கு வேறொன்று. பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும் வேண்டாம் என்றேன், ஊரே அறிந்தது அது. பன்னிரண்டு எழுத்துக்கு மேல், அக்கா தானே யோசித்த ஒன்றைப் போட்டார். நான் மறுபக்கம் திரும்பியிருந்தேன். மாற்றியதும் எல்லா இணைப்புகளும் அறுந்துவிடும். வீட்டுத் தொலைபேசிகளிலும் பெட்டியிலும் மறுபடி பதிய வேண்டும். அந்த முறை அக்காவே றிமோட்டைப் பிடித்தார். கால் மணித்தியாலம் எடுத்தது. பிள்ளை பறிக்கப் பார்த்தாள், நான் விடவில்லை. விருந்தினருக்குக் கொடுக்க வேண்டுமானால் சில ரவுட்டர்களில் "கெஸ்ட்" என்று தனி வாசல் உண்டு, அதைத் திறந்துவிடலாம்.

எந்தக் கடவுச்சொல்லும் தெரியாமல் போனால் ரவுட்டரின் பின்னால் ஒரு சிறிய துளை இருக்கும். அதற்குள் சட்டைப்பின்னை விட்டுப் பத்துச் செக்கன் அளவில் அழுத்தினால், தாளில் உள்ள பழைய கடவுச்சொல்லுக்கே திரும்பிவிடும். ஆனால் பைபர் இணைப்பு உள்ளவர்கள் அவசரப்பட வேண்டாம். கம்பனி போட்டுத் தந்த அமைப்புகளும் அழிந்துவிடலாம். முதலில் கம்பனியின் உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

கலியாணத்துக்கு எவ்வளவு டேட்டா வேண்டும் என்றும் கணக்குப் பார்த்தோம். நெட்பிளிக்ஸ் நிறுவனம் தன் படங்களுக்குச் சொல்லும் அளவு, சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை, எச்டியில் 3 ஜிபி வரை. யூரியூப்புக்கும் அதைக் கிட்டத்தட்ட வைத்துக்கொண்டால், நாலு மணித்தியாலக் கலியாணம் எச்டியில் 12 ஜிபி. தரத்தைக் குறைத்தால் 4 ஜிபி. தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் எச்டி, மற்றதெல்லாம் சாதாரணம் என்று தீர்மானித்தார்கள். உங்கள் பக்கேஜில் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி அளவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. இது வெளிநாட்டுப் பெட்டி எல்லோருக்கும் பொருந்தும். "ஒருமுறை காசு, எல்லாச் சனலும் வாழ்நாள் முழுக்க இலவசம்" என்று விற்கும் பெயரில்லாத பெட்டிகளைப் பற்றி அமெரிக்காவின் எப்பிஐ 2025 ஜூன் மாதத்தில் ஒரு எச்சரிக்கை விடுத்தது. இவற்றில் சில, கடைக்கு வரும்போதே உள்ளே தீய மென்பொருளோடு வருகின்றன. நம் வீட்டு இணைப்பை யாரோ தம் களவு வேலைகளுக்குப் பாதையாக்குவார்கள், நமக்குத் தெரியாது. பாட்பொக்ஸ் 2.0 என்று பெயரிடப்பட்ட இந்த வலையில் 10 மில்லியனுக்கு மேற்பட்ட கருவிகள் அகப்பட்டிருந்ததாகக் கூகுள் நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் வழக்குத் தொடுத்தபோது கூறியது. பெட்டி தொடக்கத்திலேயே "பிளே புரொட்டெக்ட்" என்ற பாதுகாப்பை நிறுத்தச் சொன்னால், அல்லது பெயர் தெரியாத கடையிலிருந்து செயலிகளை இறக்கச் சொன்னால், அதை இணைக்க வேண்டாம். தம்பி அனுப்பியது என்பதற்காகப் பேசாமல் இருக்க வேண்டாம், அவருக்கும் தெரிந்திராது. அக்காவின் பெட்டி அப்படிக் கேட்கவில்லை.

புதிய கடவுச்சொற்களை அக்கா ஒரு துண்டில் எழுதி ஒரு பழைய பைக்குள் வைத்தார். 2009இல் இடம்பெயர்ந்தபோது மற்றதெல்லாம் விட்டுவிட்டு அவர் தூக்கிக்கொண்டு வந்த பை அது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் எல்லாம் இன்றும் அதற்குள்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. தொலைபேசியில் கேட்டேன். சுவிஸில் காலை பத்தரை, இங்கே பிற்பகல் இரண்டு மணி. தம்பி அனுப்பிய இணைப்பை மகள் தன் தொலைபேசியில் திறந்து, யூரியூப்பின் மேலே உள்ள "காஸ்ற்" அடையாளத்தைத் தொட்டு ரிவிக்கு அனுப்பியிருக்கிறாள். முதலில் ரிவியின் பெயர் தெரியவில்லையாம். தொலைபேசி சிம் டேட்டாவில் இருந்திருக்கிறது, வீட்டு வைஃபைக்கு மாற்றியதும் வந்துவிட்டது. ஆச்சி ரிவிக்குக் கிட்டப் போய், பேத்தியின் கூறைச் சேலையின் நிறம் சரியில்லை என்று சொன்னாராம்.

இரண்டு நாள் கழித்துப் பெடியன் வந்திருக்கிறார், யாரும் கூப்பிடாமலே.

"அக்கா, உங்கட லைன் ஏதும் பிழையோ? ஒருக்காப் பாக்கட்டோ?"

"எங்கட லைன் நல்லா வேலை செய்யுது தம்பி. உமக்குத்தான் இல்லை. இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றாராம் அக்கா.